தையலில் இங்கிலாந்து வரைபடம்: பெயர் உதிர்ந்துபோன சிறுமியைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். எம்பிராய்டரி கற்றுக்கொடுப்பது என் தொழில். துணியும் நூலும் எனக்கு நன்றாகப் பழக்கம், வரலாறு அந்த அளவுக்குப் பழக்கமில்லை. அதனால்தான் இந்தக் கேள்வியோடு இங்கே வந்திருக்கிறேன்.

இங்கிலாந்தில் நடந்த ஓர் ஏலத்தில், சட்டம் உடைந்த நிலையில் இருந்த தையல் வரைபடம் ஒன்றை வாங்கினேன். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது தேன் நிறத்துக்கு மாறிவிட்ட சாட்டின் துணி. நீள்வட்டத்துக்குள் இங்கிலாந்தும் வேல்ஸும் இருக்கின்றன. சுற்றிலும் ரோஜாவும் நீலப் பூக்களும் பின்னிய கொடி. ஒவ்வொரு கவுண்டியின் (அந்நாட்டு மாவட்டத்தின்) எல்லையும் வெல்வெட் போல மயிர் நிற்கும் ஷெனில் நூலில், அடுத்தடுத்த கவுண்டிகளுக்கு வெவ்வேறு நிறம். வடக்கே 'ஸ்காட்லாந்தின் ஒரு பகுதி' என்று எழுதிவிட்டு உள்ளே ஒன்றுமே இல்லாமல் விட்டிருக்கிறது. கிழக்குக் கடலுக்கு (இன்றைய வட கடல்) 'ஜெர்மன் பெருங்கடல்' என்று பெயர். ஓரங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளைக் கட்டம் கட்டமாகத் தைத்திருக்கிறாள்.

'தைத்திருக்கிறாள்' என்று உறுதியாகவே சொல்கிறேன். இது பழகிக்கொண்டிருந்த கை. கார்ன்வால் கடற்கரையில் தையல்கள் நீளமும் குட்டையுமாக இருக்கின்றன. வளைவு வரும் இடத்தில் தையலைச் சிறிதாக்க வேண்டும் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை, அதனால் வளைவெல்லாம் முனை முனையாக உடைந்து நிற்கிறது. டெவன், டார்செட் என்று கிழக்கே போகப் போகக் கை தேறுகிறது. கென்ட் வரும்போது என் மாணவிகளில் நல்ல கைக்காரியும் பொறாமைப்படும் அளவுக்கு வளைவுகள் வழுக்கிக்கொண்டு போகின்றன. தென்மேற்கு மூலையில் தொடங்கியிருக்கிறாள் என்பதை வேறு யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சுற்றியுள்ள ரோஜாக்கள் அவள் செய்தவையா என்பது எனக்குச் சந்தேகம். நிழல் விழும் பக்கம் நூலின் நிறத்தை மாற்றியிருக்கும் விதம் ஓர் ஆசிரியையின் கையைக் காட்டுகிறது.

கீழே இரண்டு பூங்கொத்துகளுக்கு நடுவே அவள் பெயரும் ஆண்டும் இருந்திருக்க வேண்டும். இப்போது அங்கே ஊசித் துளைகள் மட்டும்தான். பாதிக்கு மேற்பட்ட கவுண்டிப் பெயர்களுக்கும் இதே கதி. பச்சையும் நீலமும் மஞ்சளும் அப்படியே இருக்க, கறுப்பு மட்டும் ஏன் உதிர்ந்தது?

என் கேள்விகள் இவை. துளைகளை வைத்துப் பெயரைப் படிக்க முடியுமா? இந்த வரைபடத்தை அவளே வரைந்திருப்பாளா, அச்சடித்து விற்றதை வாங்கித் தைத்திருப்பாளா? மூன்றாவதுதான் என்னை அதிகம் குடைகிறது. இப்படித் தைத்த பெண்கள் புவியியல் கற்றார்களா, கையழகு காட்டினார்களா? ஏலக்காரர்கள் 'அலங்காரப் பொருள்' என்று தலைப்புப் போட்டு விற்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு கரையை விளிம்பு விளிம்பாக ஊசியால் கடந்தவளுக்கு அந்தக் கரை மறக்குமா?


பழந்துணி எழுதியது:

அருங்காட்சியகத் துணிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள். அந்தத் துணியை நீங்களாகச் சட்டத்திலிருந்து பிரிக்காதீர்கள். தண்ணீர் காட்டாதீர்கள். இஸ்திரிப் பெட்டி அதன் அருகிலேயே போகக் கூடாது. பழைய சாயங்கள் ஈரத்தில் ஓடும், அச்சு மையும் கலங்கும், வலுவிழந்த சாட்டின் இழை இழையாகப் பிளக்கும். கைத்தேர்ச்சி உள்ளவர்களுக்குத்தான் சீர்செய்துவிடலாம் என்ற ஆசை வரும், அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கறுப்பு உதிர்ந்ததற்குக் காரணம் அந்தச் சாயமேதான். அந்தக் காலத்தில் பட்டுக்குக் கறுப்பு ஏற்ற மாசிக்காய் போன்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு உப்பைச் சேர்ப்பார்கள். துவர்ப்பும் இரும்பும் கூடினால் ஆழ்ந்த கறுப்பு கிடைக்கும். பழைய எழுதுமையும் இதே சேர்க்கைதான். ஆனால் சாயத்தில் மிஞ்சும் அமிலமும் இரும்பும் நாளாக ஆக இழையையே அரித்துவிடும். ஒளியும் ஈரக்காற்றும் சேர்ந்தால் இன்னும் வேகம். கறுப்பும் அடர்பழுப்பும் பொடியாகி உதிர, பக்கத்தில் இருக்கும் மற்ற நிறங்கள் கொஞ்சம் வெளிறியதோடு தப்பிக்கும். இந்தத் தையல்களில் எழுத்துகளைக் கறுப்பில் போடுவதே வழக்கம். ஆகவே பூக்களும் எல்லைகளும் நின்று, தைத்தவள் பெயரும் ஊர்ப்பெயரும் முதலில் போய்விடுகின்றன. இத்தனை ஆண்டு வேலையில் இந்த ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஆறவே இல்லை.

இருந்தாலும் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. சாட்டின் நெருக்கமாக நெய்த துணி, ஊசி போன தடத்தை விட்டுக்கொடுக்காது. அறையை இருட்டாக்கிக்கொண்டு, ஒரு சிறிய டார்ச்சைத் துணியின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டிலிருந்து ஒளியை ஓட விடுங்கள். துளைகளின் விளிம்பில் நிழல் விழும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம், மேலும் கீழும் ஒவ்வொன்று எடுங்கள். ஒரு திசையில் தெரியாத துளை இன்னொரு திசையில் தெரியும். எழுத்து குறுக்குத் தையலில் இருந்திருந்தால் ஒவ்வொரு தையலுக்கும் நான்கு மூலைகளில் நான்கு துளைகள் இருக்கும். அவற்றைக் கிராப் தாளில் புள்ளியாகக் குறித்தால் எழுத்து தானாக எழும். காம்புத் தையலாகவோ பின் தையலாகவோ இருந்தால் துளைகள் எழுத்தின் வளைவைத் தொடர்ந்து போகும், அதைப் படிக்கப் பழக்கம் வேண்டும், உங்களிடம் அது இருக்கிறது. துணியின் பின்புறத்தில் ஒளி படாததால் சில இடங்களில் நூல் முனைகள் மிஞ்சியிருப்பதும் உண்டு. பின்புறத்தைப் பார்க்க வேண்டுமானால் துணி பராமரிப்பாளர் ஒருவரை வைத்துச் சட்டத்தைப் பிரியுங்கள். ஒளி படாத பக்கத்தில் அசல் நிறங்களையும் பார்ப்பீர்கள், உங்கள் தேன் நிறத்துக்கு அந்தப் பக்கம் வேறு சேதி சொல்லும்.

இரண்டாவது கேள்விக்கு: ஷெனில் தேய்ந்த இடமாகத் தேடி லென்ஸால் பாருங்கள். அடியில் ஒரே சீரான மெல்லிய கோடு தெரிந்தால் அது செப்புத் தகட்டு அச்சு. கோடு சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் பழுப்பேறியும் இருந்தால் அது பேனா. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் லண்டன் வரைபட வியாபாரிகள் தையலுக்கென்றே சாட்டினில் வரைபடங்களை அச்சடித்து விற்றார்கள். ஃப்ளீட் தெருவில் இருந்த லாரி அண்ட் விட்டில் அவர்களில் ஒருவர். அப்படி வாங்காத வீடுகளிலும் பள்ளிகளிலும் ஆசிரியையோ மாணவியோ அட்லஸைப் பார்த்துத் துணியில் படியெடுத்தார்கள். அவற்றில்தான் கவுண்டி ஒன்று விடுபட்டிருப்பதையும், தீவு இடம் மாறியிருப்பதையும், ஊர்ப்பெயரில் எழுத்துப்பிழையையும் பார்க்கலாம். எனக்குப் பிழையுள்ளவைதான் பிடிக்கும். அச்சுத் தகட்டில் இல்லாத ஒரு பிள்ளையின் கவனமும் கவனக்குறைவும் அவற்றில் இருக்கின்றன.

ரோஜா பற்றி நீங்கள் சொன்னதில் எனக்குச் சம்மதம். கடினமான பகுதியை ஆசிரியை முடித்துக்கொடுப்பது வழக்கத்தில் இருந்ததுதான். பெற்றோர் கூடத்தில் மாட்டப்போகும் பொருள் அது. பள்ளியின் பெயரும் அதில் தொங்கியது.


வரைபடப்பித்தன் எழுதியது:

பள்ளியில் புவியியல் எடுக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு என் பதில்: கற்றார்கள். அதுவும் கொஞ்சமாக இல்லை.

இந்த வகைத் தையல் 1770களில் தொடங்கி 1840கள் வரை பரவலாக இருந்தது. அதே தலைமுறையின் மற்ற பொருள்களையும் சேர்த்துப் பாருங்கள். 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாட்டு எல்லைகளின் வழியே அறுத்து, பிள்ளைகள் சேர்த்து விளையாடும்படி விற்றார். 1768 முதல் 1779 வரை ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக்கின் பயணங்கள் நடந்தன. உலக வரைபடம் வீட்டுப் பேச்சாகிவிட்ட காலம் அது. இரண்டு அரைக்கோளங்களாகத் தைத்த உலக வரைபடங்களில் குக் போன கடல் வழியைப் புள்ளி புள்ளியாகத் தைத்தவை உண்டு. ஆஸ்திரேலியா அவற்றில் 'நியூ ஹாலந்து'.

உங்கள் துணியில் ஓரத்து அளவுகளைக் கவனியுங்கள். தீர்க்கரேகை லண்டனிலிருந்து கணக்கிடப்பட்டிருக்கும். கிரீனிச்சை உலகப் பொதுக் கோடாக ஏற்றது 1884இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில்தான். அதற்கு முன் ஒவ்வொரு நாடும் தன் தலைநகரையோ தன் வானாய்வுக் கூடத்தையோ பூஜ்யமாக வைத்துக்கொண்டது. கென்ட் வரை அழகாகத் தைத்த பெண், 'லண்டனிலிருந்து கிழக்கே ஒரு பாகை' என்பதன் பொருள் தெரியாமலா அந்தக் கட்டங்களை எண்ணி எண்ணிப் போட்டாள்?

வேல்ஸின் வடகிழக்கு மூலையையும் பாருங்கள். ஃபிளின்ட் கவுண்டி ஒரே துண்டாக இருக்காது. ஒரு துண்டு தனியாகப் பிரிந்து தெற்கே கிடக்கும். அந்தச் சிறு துண்டையும் பெரிய துண்டையும் ஒரே நிறத்தில் தைத்திருக்கிறாளா? தைத்திருந்தால் அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, அல்லது அச்சடித்தவனுக்குத் தெரிந்து அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நிறம் மாறியிருந்தால் அதைப் பக்கத்துக் கவுண்டியோடு சேர்த்துவிட்டாள். இந்த ஒரு இடமே உங்கள் கேள்விக்குப் பாதி பதில்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் அழகு. பிலடெல்பியாவின் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் 1799இல் பென்சில்வேனியாவில் வெஸ்ட்டவுன் பள்ளியைத் தொடங்கினார்கள். அங்கே படித்த பெண்கள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உலக உருண்டையையே தைத்தார்கள். உள்ளே கம்பளியை அடைத்து, மேலே பட்டுத் துணியை இழுத்துத் தைத்து, தீர்க்கரேகையையும் அட்சரேகையையும் பட்டு நூலில் ஓட்டி, கண்டங்களின் விளிம்பைத் தைத்து, பெயர்களை மையால் எழுதினார்கள். விண்மீன்களுக்கும் தனி உருண்டை செய்தார்கள். அமெரிக்காவில் உருண்டை தயாரித்து விற்கும் தொழில் அப்போது கிடையவே கிடையாது. வெர்மாண்ட்டில் ஜேம்ஸ் வில்சன் அதைத் தொடங்கியது 1810 வாக்கில். அதுவரை வேண்டியவர்கள் லண்டனிலிருந்து கப்பலில் வரவழைக்க வேண்டும்.

உருண்டை செய்து பார்த்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். தட்டைத் துணியை உருண்டை மேல் சுருக்கம் விழாமல் பொருத்த, நடுவில் அகன்று இரு முனையிலும் கூர்ந்த துண்டுகளாக வெட்ட வேண்டும். தீர்க்கரேகைகள் துருவத்தில் ஒன்று கூடுகின்றன, அட்சரேகைகள் கூடுவதில்லை என்பதைப் பலகையில் வரைந்து காட்டி என் மாணவர்களுக்கு விளங்கவைக்க நான் படும் பாட்டை, அந்தப் பெண்கள் விரல் நுனியில் கடந்துவிட்டார்கள். 1816இல் ரேச்சல் கோப் என்ற மாணவி வீட்டுக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. இந்த உருண்டைகளைச் செய்வது பெரும்பாடாக இருக்கும் என்று எதிர்பார்ப்பதாகவும், ஆனாலும் தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லவும், பூமியின் வடிவத்தையும் அது தன் அச்சில் சுழலும் விதத்தையும் தன் நினைவில் நிறுத்தவும் அவை உதவும் என்றும் எழுதுகிறாள். சுவரில் மாட்டி அழகு பார்ப்பதற்கு என்று ஒரு சொல் அதில் இல்லை. செய்தவளே சொன்ன பிறகு நாம் எதற்கு வாதாட வேண்டும்?


கருங்குயில் எழுதியது:

பித்தன் ஐயா, ரேச்சல் கோப் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பெண்ணுக்கு வரைபடம் கிடைத்தது, எந்தப் பெண்ணுக்கு வெறும் எழுத்து கிடைத்தது என்பதையும் பேசாமல் இந்த உரையாடலை முடிக்கக் கூடாது.

சாட்டினும் ஷெனிலும் வாங்க வசதி இருந்த வீட்டுப் பெண்கள் வரைபடம் தைத்தார்கள். ஏழைப் பெண்களுக்கு ஒரே நிற நூலும், எழுத்தும் எண்ணும்தான். அதற்குக் காரணம் வேலை. பெரிய வீடுகளில் படுக்கை விரிப்பு, மேசைத் துணி, உள்ளாடை எல்லாவற்றிலும் குடும்பத்தின் முதலெழுத்தையும் வரிசை எண்ணையும் குறுக்குத் தையலில் குறிப்பார்கள், சலவைக்குப் போய்த் திரும்பும்போது கணக்குச் சரிபார்க்க. அதைச் செய்யத் தெரிந்த பெண்ணுக்குப் பணிப்பெண் வேலை கிடைக்கும். பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லர் நடத்திய அனாதை இல்லத்துப் பெண்களின் மாதிரித் துணிகளைப் பாருங்கள். சிவப்பு நூலில், பல அளவுகளில், பல வடிவங்களில் எழுத்துகள் இடைவெளியே விடாமல் நெருக்கியடித்து நிற்கும். வேலைக்குப் போகும் பெண்ணின் தகுதிச் சான்று அது. துணியில் ஓர் அங்குலத்தையும் வீணாக்க அவளுக்கு உரிமை இல்லை.

1862இல் வந்த கல்வி விதிகள், அரசு மானியம் பெறும் பள்ளிகளில் பெண்களுக்குச் சாதாரணத் தையலைக் கட்டாயமாக்கின. கிழிசலை இழையோட்டி அடைப்பது, பொத்தான் துளை, சட்டைக் கக்கத்தில் வைக்கும் சதுரத் துண்டு. பையன்கள் கணக்குப் போட்ட நேரத்தில் இவர்கள் இதைச் செய்தார்கள்.

எழுத்தைத் தைக்கக் கற்ற ஒரு பெண் அதை வைத்து என்ன செய்தாள் என்பதற்கு எலிசபெத் பார்க்கரைச் சொல்ல வேண்டும். 1813இல் சசெக்ஸில் பிறந்து, சிறுவயதிலேயே வீட்டு வேலைக்குப் போனவர். 1830 வாக்கில் லினன் துணியில் சிவப்புப் பட்டில், குறுக்குத் தையலில், தன் கதையை வரிவரியாகத் தைத்தார். தனக்கு எழுதத் தெரியாது என்ற சொற்களோடு அது தொடங்குகிறது. வேலை செய்த வீட்டில் எஜமானர் செய்த கொடுமை, செத்துவிடலாம் என்று வந்த எண்ணம், கடவுளிடம் அச்சம், எல்லாம் அந்தச் சிவப்பு எழுத்தில் இருக்கின்றன. பூ இல்லை, ஓரக் கொடி இல்லை. தன் ஆன்மா என்னவாகும் என்று கேட்டு வாக்கியம் முடியாமலே நிற்கிறது, கீழே துணி காலியாக இருக்கிறது. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் பிழைத்தார், பின்னாளில் ஊர்ப் பள்ளி ஆசிரியையானார் என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மூச்சே வந்தது.

இந்தக் கல்வியைப் பற்றி அந்தக் காலத்துப் பெண்களே என்ன சொன்னார்கள்? 1792இல் பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட், வசதியுள்ள பெண்களைத் தையலிலேயே உட்காரவைப்பது அவர்கள் எண்ணத்தைத் தம் உடலிலும் உடையிலும் கட்டிப்போடுகிறது என்று சாடினார். 1815இல் மேரி லாம் ஒரு படி மேலே போனார். அவர் தையலால் பிழைத்தவர். கூலி இல்லாமல் எந்தப் பெண்ணும் ஊசியைத் தொடக் கூடாது என்பது அவர் வாதம். வசதியுள்ளவர்கள் பொழுதுபோக்காகத் தைக்கும் ஒவ்வொன்றும் கூலிக்காரப் பெண்ணின் வயிற்றில் அடிக்கிறது என்றார். எனக்கு அந்த வாதம் சரியாகவே படுகிறது.

நூல்கண்டு அக்கா, அச்சடித்த கோட்டின் மேல் நூலை ஓட்டியதற்குப் புவியியல் என்று பெயர் வைக்கலாமா என்பதுதான் என் கேள்வி. உங்கள் சிறுமியின் சமகாலத்தவர், அறிவியல் எழுத்தாளர் மேரி சோமர்வில். 1780இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். படிப்பிலேயே பொழுதைக் கழிக்கிறாள், ஆண்பிள்ளையைப் போல ஊசியைத் தொடுவதே இல்லை என்று அத்தை குறைப்பட்டதால், சாதாரணத் தையல் கற்க ஊர்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் யூக்ளிட்டின் வடிவியல் படிக்க இரவில் விழித்திருந்ததற்காக வீட்டில் அவரிடமிருந்து மெழுகுவத்தியைப் பறித்தார்கள். இருட்டில் படுத்துக்கொண்டு தேற்றங்களை மனதுக்குள் ஓட்டினார். பின்னாளில், 1848இல், இயற்கைப் புவியியலைப் பற்றி அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. அவருக்குப் புவியியல் தந்தது ஊசியா, ஊசியை மீறிப் படித்த படிப்பா?


வரைபடப்பித்தன் எழுதியது:

சோமர்வில்லின் கதையில் நீங்கள் விட்டுவிட்ட இடம் ஒன்று உண்டு. இயற்கணிதத்தின் எக்ஸ், ஒய் எழுத்துகளை அவர் முதன்முதலில் பார்த்தது எங்கே தெரியுமா? தோழி ஒருத்தி தான் செய்துகொண்டிருந்த கைவேலையைக் காட்ட வீட்டுக்கு அழைத்தாள். அங்கே உடை அலங்காரப் படங்களும் புதிர்களும் உள்ள மாதப் பத்திரிகை ஒன்றைப் புரட்டியபோது, கடைசியில் இருந்த கணக்கில் அந்த எழுத்துகளைக் கண்டார். ஊசி அவருக்கு வாசலைத் திறந்துவிட்டது என்று நான் வாதாட வரவில்லை. ஊசி இருந்த அறையில்தான் பெண்களுக்குக் கிடைத்த மற்றதெல்லாம் கிடைத்தது.

ஏழைப் பெண்களைப் பற்றி நீங்கள் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். யார்க்‌ஷயரில் 1779இல் தொடங்கிய ஆக்வொர்த் பள்ளி, வசதி குறைந்த குவேக்கர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கானது. ஆணும் பெண்ணும் அங்கே படித்தார்கள். அங்கும் பெண்கள் நிறையத் தைத்தார்கள், கிழிசலை அடைக்கும் மாதிரிகள் உட்பட. வசதி குறைந்த வீட்டுப் பெண்ணுக்கும் பள்ளிப் படிப்பும் தையலும் சேர்ந்தே கிடைத்தன. ஆகவே ஏழைக்கு எழுத்து, பணக்காரிக்கு வரைபடம் என்ற கோட்டை அத்தனை நேராகக் கிழிக்க முடியாது.


நூல்கண்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு பழந்துணி அக்கா சொன்னபடியே செய்தேன். சட்டத்தைத் தொடவில்லை, கண்ணாடி ஏற்கெனவே உடைந்து எடுக்கப்பட்டிருந்ததால் மேற்பரப்பு திறந்தே இருக்கிறது.

முதலில் பெயர். எழுத்துகள் குறுக்குத் தையல்தான். டார்ச்சைத் தாழ்த்தியதும் துளைகள் நான்கு நான்காக எழுந்து நின்றன. முதலெழுத்து எஸ். நடுவில் சாட்டினின் மேல் இழைகளே கிழிந்திருப்பதால் பெயரின் மற்ற எழுத்துகளைச் சேர்க்க முடியவில்லை. அடுத்த வரியில் 'வயது' என்பதற்கான சொல் தெளிவாக இருக்கிறது, அதற்குப் பின் இரண்டு ஒன்றுகள். பதினொரு வயது. ஆண்டில் 1, 7, 9 வந்துவிட்டன. கடைசி எண் 3 அல்லது 8, என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

அடுத்தது கோடு. சஃபோக் கரையில் ஷெனில் தேய்ந்த இடத்தில் சீரான மெல்லிய கோடு தெரிகிறது. அச்சுதான். கருங்குயில் இதைப் படித்ததும் 'நான் சொன்னேனே' என்பார். ஆனால் இதையும் கேளுங்கள். ஃபிளின்ட்டின் இரண்டு துண்டுகளும் ஒரே பச்சை. சின்னத் துண்டில் அந்தப் பச்சைக்கு அடியில் மஞ்சள் துணுக்குகள் துணியில் சிக்கியிருக்கின்றன, பழைய துளைகளும் இருக்கின்றன. பக்கத்துக் கவுண்டியின் நிறமும் மஞ்சள்தான். முதலில் மஞ்சளில் தைத்து, பிறகு பிரித்து, பச்சையில் மறுபடி தைத்திருக்கிறாள். ஷெனிலைப் பிரிப்பது எத்தனை தொல்லை என்பது தைப்பவர்களுக்குத் தெரியும். மயிர் கொட்டும், துணி வாயைப் பிளக்கும், பெரும்பாலோர் பிரிக்காமல் விட்டுவிடுவார்கள். அந்த மூலையில், விரல் நகம் அளவுள்ள இடத்துக்காக, யார் கண்ணிலும் படாத ஒன்றுக்காக, பதினொரு வயதுப் பெண் அதைச் செய்திருக்கிறாள். ஆசிரியை சொல்லிச் செய்திருக்கலாம். அப்படியானாலும் 'இது பக்கத்துக் கவுண்டி இல்லை, மேலே இருக்கிறதே அதைச் சேர்ந்தது' என்று அந்த அறையில் யாரோ சொல்ல, இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாடம் என்பது வேறென்ன?

கருங்குயில், மேரி லாம் சொன்னது எனக்குச் சுட்டது. கூலிக்குத் தைப்பவள் நான். அவர் வாதத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பச்சைத் துண்டைப் பார்த்த பிறகு இதை வெறும் அலங்காரம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.


கருங்குயில் எழுதியது:

பிரித்துத் தைத்த இடத்துக்குத் தலைவணங்குகிறேன். அச்சுக் கோட்டில் நிறம் இல்லை, நிறத்தை முடிவு செய்தவர் அறிந்துதான் செய்திருக்க வேண்டும். மற்றதில் என் கருத்து மாறவில்லை. அந்தப் படத்தை இங்கே போடுங்கள் அக்கா, பார்க்க வேண்டும்.


பழந்துணி எழுதியது:

அருமையாகப் பார்த்திருக்கிறீர்கள். அந்த மஞ்சள் துணுக்குகளை எடுக்காதீர்கள், ஊசியால் கிளறவும் வேண்டாம். அதுதான் உங்கள் ஆதாரம்.

கடைசி எண்ணுக்கு: 3க்கு இடப்பக்கம் திறந்திருக்கும், 8க்கு மூடியிருக்கும். ஆகவே ஒளியை வலமிருந்து மட்டும் விட்டு, இடப்பக்கத்துத் துளைகளை எண்ணுங்கள். அதே துணியில் ஓரத்து அளவுகளிலும் எண்கள் இருக்கின்றன அல்லவா, அவள் 3ஐயும் 8ஐயும் அங்கே எத்தனை தையலில் போட்டிருக்கிறாள் என்று பார்த்து ஒப்பிடுங்கள். ஒரே கை, பார்த்துத் தைத்த எழுத்து மாதிரியும் ஒன்றே, அளவு பெரும்பாலும் மாறாது.

கண்ணாடி இல்லாமல் வைத்திருப்பது தூசிக்கு வரவேற்பு. அமிலமில்லாத தாளை மேலே தளர்வாக விரித்து, படுக்கை வாட்டில், இருட்டான இடத்தில் வையுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம். பின்னால் மரப் பலகை இருந்தால் அதன் அமிலம்தான் துணியைப் பழுப்பாக்கியிருக்கும், பராமரிப்பாளர் அதை மாற்றிவிடுவார். மறுபடி சட்டம் போடும்போது கண்ணாடி துணியைத் தொடாதபடி நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள். மாட்டுகிற சுவரில் 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் ஒளி படக் கூடாது, வெயில் எட்டிப் பார்க்கவே கூடாது. எல்லாவற்றுக்கும் முன்பு, ஓரத்து எண்களின் படங்களை நான்கு பக்க ஒளியிலும் எடுத்து இங்கே ஏற்றுங்கள்.